நானூற்று நாற்பத்தெட்டு கிராஸ் லேப்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கப்பல் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் இருந்தீர்களே, பெரிய எஞ்சின், ப்ரொபெல்லர் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டார். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் ஒரு சின்னப் பாய்மரப் படகின் தரைக்கு மரத்தட்டி செய்த கதையைச் சொல்கிறேன். அதைக் கேட்டால் நம் கார்ப்பென்டரி ஷாப் உங்களுக்கு ஞாபகம் வரும். முதல் வருஷத்தில் மூன்று மணி நேரம் தவம் இருந்து ஒரு கிராஸ் லேப் ஜாயிண்ட் செய்து காட்டினோமே, இன்ஸ்ட்ரக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடுக்கு வழியாக ஜன்னலைப் பார்த்துவிட்டு மார்க் போடுவாரே, அதே கிராஸ் லேப்தான். அதில் நானூற்று நாற்பத்தெட்டு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்தாம்ப்டன் பக்கத்தில் ஹாம்பிள் என்று ஒரு ஆறு. நம் ஊர் வாய்க்கால் அளவுதான், ஆனால் கரை நெடுக பாய்மரப் படகுகள் பேருந்து நிலையத்தில் நிற்கிற மாதிரி நிற்கும். அங்கே எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் 32 அடி ஃபைபர்கிளாஸ் படகு வைத்திருக்கிறார். கணவர் காலமான பிறகு தனியாகவே ஓட்டுகிறார். வயது அறுபத்தெட்டு. ஒரு செப்டம்பர் மாதம் கால்வாய்க் கடலில் வரும்போது, படகின் பின்பக்கம் இருக்கும் பள்ளமான இடத்தில், அதற்குக் காக்பிட் என்று பெயர், ஈரத்தில் கால் வழுக்கி இருக்கையின் விளிம்பில் விழுந்துவிட்டார். விலா எலும்பில் கீறல். கூட யாரும் கிடையாது. ஆறு மணி நேரம் சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மகள் "படகை வித்துடும்மா" என்று பிடிவாதம். இவர் என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "விற்காமல் இருக்க என்ன செய்யலாம்?"

காக்பிட் என்பது என்ன? சுக்கான் பிடிப்பவர் நிற்கிற, உட்காருகிற தொட்டி. தொட்டி என்று சொன்னது சும்மா இல்லை. அலை ஏறினால் அது நிஜமாகவே தொட்டியாகிவிடும். அதனால் அடியில் வடிகால் வைத்திருப்பார்கள். இந்தப் படகில் பின் மூலைகளில் இரண்டு, ஒவ்வொன்றும் 38 மில்லிமீட்டர். கடலில் படகு நேராக நிற்காது, காற்றுக்கு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். அப்போது தண்ணீர் தாழ்ந்த பக்கத்து மூலையில் ஒரு விரல் ஆழத்துக்குத் தேங்கி நிற்கும். கால் வைப்பதும் அங்கேதான். ஃபைபர்கிளாஸ் தரையில் வார்க்கும்போதே சொரசொரப்பு வைத்திருந்தார்கள், நாற்பது வருஷத்தில் அது தேய்ந்து சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆகிவிட்டது.

வழி பல உண்டு. மணல் கலந்த பெயிண்ட் அடிக்கலாம், ரப்பர் ஷீட் ஒட்டலாம். இரண்டும் வழுக்கலைக் குறைக்கும், தேங்கிய தண்ணீரில் கால் நனைவதைத் தடுக்காது. தட்டி போட்டால் தண்ணீர் கீழே, கால் மேலே. பழைய கப்பல்காரர்கள் கண்டுபிடித்தது இது. மேல்தளத்துத் திறப்புகளை இப்படிக் கட்டம் கட்டமான மரத்தட்டியால்தான் மூடுவார்கள். வெளிச்சமும் காற்றும் கீழே போகும், ஆள் மேலே நடக்கலாம். பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிக்குச் சவுக்கடி கொடுக்கிறபோது அதே தட்டியைத்தான் நிமிர்த்தி வைத்து அவனைக் கட்டுவார்களாம். நமக்கு அந்த உபயோகம் வேண்டாம்.

மாணவர்களுக்காக ஒரு கணக்கு. காக்பிட் தரை 1.6 மீட்டர் நீளம், 0.7 மீட்டர் அகலம். அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரம்பினால் 560 லிட்டர். கடல் தண்ணீர் என்பதால் ஏறக்குறைய 575 கிலோ. எட்டு பேர் சேர்ந்து படகின் வாலில் ஏறி உட்கார்ந்த மாதிரி. இது எவ்வளவு நேரத்தில் வடியும்? இரண்டாம் வருஷத்து டாரிசெல்லி சூத்திரம்தான். தரை கடல் மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது, டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட் 0.6 என்று வைத்துக்கொண்டால் சுமார் 145 விநாடி வரும். பாரத்தில் படகு அமுங்கும், குழாயில் வளைவு உண்டு, ஆகவே நிஜத்தில் இன்னும் கூடும். ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் நேரம் அப்படியே இரட்டிப்பு. ஐந்து நிமிஷம் வாலில் அரை டன்னைச் சுமந்துகொண்டு, அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டும். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புறப்பட்டது 303 படகுகள்; புயலில் அந்தப் பந்தயப் படகோட்டிகள் 15 பேர் இறந்தார்கள். இன்றைய கடல் பந்தய விதிகளில் காக்பிட் எவ்வளவு கொள்ளலாம், எத்தனை வடிகால், எவ்வளவு விட்டம் என்பதெல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள், ஐ.எஸ்.ஓ. 11812 என்று தனித் தரநிலையும் உண்டு.

சரி, தட்டி போட்டால் அதுவே தண்ணீரைத் தடுக்காதா? அந்த அம்மையாரின் மகள் கேட்ட கேள்வி இது, நல்ல கேள்வி. இங்கே மாணவர்கள் சொல்லுங்க பார்ப்போம்: சட்டம் 20 மில்லிமீட்டர், இடைவெளி 20 மில்லிமீட்டர். திறப்பு எத்தனை பங்கு? "பாதி" என்று முன் வரிசையில் ஒரு குரல். இல்லை தம்பி. இரண்டு திசையிலும் பாதி, ஆக கால் பங்குதான். இருந்தாலும் எங்கள் தட்டியில் மொத்தம் 510 ஓட்டை, ஒவ்வொன்றும் 4 சதுர சென்டிமீட்டர், கூட்டினால் 2040. இரண்டு வடிகாலும் சேர்ந்து 23 சதுர சென்டிமீட்டர் கூட இல்லை. கிட்டத்தட்ட தொண்ணூறு மடங்கு. ஆகவே தட்டியால் தாமதம் கிடையாது. ஆபத்து வேறு இடத்தில். தட்டிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பிஸ்கட் உறை, கயிற்றுத் துணுக்கு, இலைக் குப்பை எல்லாம் போய் வடிகால் வாயில் உட்காரும். எனவே தட்டி சுலபமாகத் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தூக்க முடியாத தட்டியைவிட தட்டியே இல்லாதது மேல் என்பது என் கட்சி.

தூக்கப்போவது யார்? விலா எலும்பு இப்போதுதான் கூடியிருக்கும் அறுபத்தெட்டு வயது அம்மையார். தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ. 25 மில்லிமீட்டர் தடிமனில் முழுத் தட்டி 15 கிலோ வரும். குனிந்து நிமிர்த்தி எடுக்க இது அதிகம். அதனால் இரண்டு துண்டாகச் செய்தோம், தலைக்கு ஏழரை. வீட்டில் இட்லிப் பானை தூக்கி இறக்குகிற பாரம்.

இன்னொன்று, தேக்கு மிதக்கும். காக்பிட் நிரம்பினால் தட்டி இரண்டும் சேர்ந்து எட்டு ஒன்பது கிலோ விசையோடு மேலே எழும்பி, ஆள் காலை முட்டும், இல்லை கடலுக்கே போய்விடும். அதற்காகத் தரையில் ஸ்குரூ அடிக்கக் கூடாது. பல ஃபைபர்கிளாஸ் படகுகளில் தரை சாண்ட்விச் மாதிரி: மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே பால்சா கட்டையோ பிளைவுட்டோ. ஒரு ஓட்டை போட்டால் அந்த வழியாக ஈரம் இறங்கி நடுக்கட்டை ஊறி அழுகிவிடும், வெளியே தெரியவும் தெரியாது. ஆகவே தட்டி கால்களின் மேல் சும்மா நிற்க வேண்டும். பக்கச் சுவரில் திருப்பு தாழ் வைத்து அடக்கினோம். ஜன்னல் கதவுக்குப் போடுகிறோமே, திருகினால் குறுக்கே விழுகிற மரக்கட்டை, அதே சங்கதி. காலுக்கு அடியில் ரப்பர் துண்டு. இல்லாவிட்டால் இரவெல்லாம் கிறீச் கிறீச் என்று கத்தும்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். தரையை 4 சென்டிமீட்டர் உயர்த்தினால் இருக்கை அந்த அளவு தாழ்ந்துபோகும், நிற்கிறவர் தலை பாயின் அடிக்கட்டைக்கு 4 சென்டிமீட்டர் கிட்டே போகும். அந்தக் கட்டை பக்கம் மாறுகிறபோது தலையில் பட்டால் விலா எலும்பெல்லாம் சின்ன விஷயம். பெட்டிகளை அடுக்கி அவரை மேலே நிற்க வைத்து, கட்டையை இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மரம் வாங்கப் போனோம்.

மரம். இங்கேதான் கதை நீளுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகுக்காரர்களுக்குத் தேக்கு என்றால் பர்மாத் தேக்கு. எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஊதிச் சுருங்குவது குறைவு, ஈரத்தில் அழுகாது, ஈரக் காலுக்கு வழுக்காது. நான் பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். டாப்ஸ்லிப் என்ற பெயரே, மலை உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரித்து விட்ட இடம் என்பதால் வந்தது என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவன். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. 1817ல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டியது, மலபார் தேக்கு. இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் 'டீக்' என்ற சொல்லே நம் பக்கத்துத் தேக்கு போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனதுதான். கட்டுமரத்தைக் கொடுத்தோம், தேக்கையும் கொடுத்தோம், ராயல்டிதான் வரவில்லை.

ஒரு மரக்கடைக்குப் போனோம். கடைக்காரர் அழகான பலகைகளை எடுத்துப் போட்டார். தேன் நிறம், நேர் ரேகை, ஒரு கணு இல்லை. பர்மா என்றார். அம்மையார் கேட்டார்: "எந்தக் காடு? எந்த வருஷம் வெட்டியது?" கடைக்காரர் ஒரு காகிதத்தைக் காட்டினார். அதில் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், கனஅளவு எல்லாம் இருந்தன. காட்டின் பெயர் இல்லை.

இந்தக் கேள்வி வீம்புக்காகக் கேட்டது இல்லை. மியான்மர் 2014 ஏப்ரலில் இருந்தே உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. அறுத்த மரம் வந்துகொண்டிருந்தது. 2021 பிப்ரவரி 1ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கே மர வியாபாரம் அரசுக் கம்பெனியின் கையில். ஆகவே தேக்குக்குக் கொடுக்கிற காசு யாரிடம் போய்ச் சேருகிறது என்ற கேள்வி எழுந்தது. அந்த வருஷமே ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய யூனியனும் அந்தக் கம்பெனி மேல் தடை போட்டன. 2024ல் பிரிட்டனில் ஒரு படகு கட்டும் நிறுவனத்துக்கு, மரத்தின் பூர்வீகத்தைச் சரியாக விசாரிக்காமல் இறக்குமதி செய்ததற்காக நீதிமன்றம் பெரிய அபராதம் போட்டது. அம்மையார் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். "என் கால் வழுக்காமல் இருப்பதற்கு இன்னொரு ஊரில் துப்பாக்கி வாங்கிக் கொடுக்க மாட்டேன்" என்று கடைக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். நான் பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். அவ்வளவு நல்ல மரம்.

தோட்டத் தேக்கு கிடைக்கிறது, சான்றிதழோடு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். இளமரத்தில் வைரம் பாய்ந்த பகுதி குறைவு, வெளியே வெள்ளை அதிகம். வெள்ளைக்கு ஆயுசு கிடையாது என்பதை நம் ஊர் ஆசாரி யாரைக் கேட்டாலும் சொல்வார். கடைசியில் மரம் கிடைத்தது பழைய சாமான் கிடங்கில். ஒரு பள்ளிக்கூடத்தை இடித்தபோது எடுத்த கெமிஸ்ட்ரி லேப் மேஜைப் பலகைகள். மேலே ஆசிட் கறை, பர்னர் சுட்ட வட்டம், குழாய்க்குப் போட்ட ஓட்டை. இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுத்தேன். உள்ளே தேக்கு, அந்த வாசனை! நம் பழைய கெமிஸ்ட்ரி லேப் மேஜையும் இதே ஜாதிதான், பலபேர் அதன் மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கிறோம். எண்பது வருஷத்துக்கு முந்தைய மரத்துக்கும் இன்றைய ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை. விலையும் புதுப் பலகையில் மூன்றில் ஒரு பங்கு.

பழைய மரத்தில் ஆணி இருக்கும். மெட்டல் டிடெக்டரால் அங்குலம் அங்குலமாகத் தடவி, பித்தளை ஸ்குரூவாக ஒரு டப்பா நிறைய எடுத்தோம். பலகையின் அடியில் பையன்கள் பேனாக்கத்தியால் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கியிருந்தார்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்ட அம்மையார் விடவில்லை. அது இப்போது தட்டியின் ஓரச் சட்டத்தில், அடிப்பக்கம் இருக்கிறது.

இனி ஜாயிண்ட். ஒரு துண்டுக்கு நெடுக்கே 14 சட்டம், குறுக்கே 16. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு சட்டத்திலும் பாதி ஆழம் வெட்டிப் பூட்ட வேண்டும். 14 பெருக்கல் 16 இருநூற்று இருபத்து நாலு, இரண்டு துண்டுக்கு நானூற்று நாற்பத்தெட்டு. நம் ஷாப் கணக்குப்படி ஒன்றுக்கு மூன்று மணி நேரம் என்றால் ரிட்டயர்மெண்ட் போதாது.

தந்திரம் இதுதான். சட்டம் சட்டமாக அறுத்து, பிறகு ஒவ்வொன்றிலும் காடி வெட்டக் கூடாது. அகலப் பலகையாக இருக்கும்போதே குறுக்கே காடிகளை வரிசையாக வெட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு பலகையை நீளவாட்டில் 20 மில்லிமீட்டர் சட்டங்களாகக் கிழிக்க வேண்டும். ஏன்? ஒரு காடிக்கும் அடுத்த காடிக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பதினாறாவது காடிக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். தனித்தனியாக வெட்டினால் ஒவ்வொரு சட்டமும் தன் இஷ்டத்துக்குப் பிசகும், எதுவும் எதிலும் உட்காராது. ஒரே பலகையில் வெட்டினால் பிசகு எல்லாச் சட்டத்துக்கும் ஒரே மாதிரி. குறுக்குச் சட்டம் ஒரு மயிரிழை தள்ளி உட்காரும், ஆனால் நேராக உட்காரும். ரம்ப மேசையில் ஒரு சின்ன ஜிக்: 20 மில்லிமீட்டர் கட்டை ஒன்று. வெட்டிய காடியை அதன் மேல் மாட்டினால் அடுத்த காடியின் இடம் தானாக வந்து நிற்கும். அளக்கவே வேண்டாம்.

இறுக்கம் கையழுத்தத்தில் இறங்குகிற அளவு இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் பெருமையாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு காடியும் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சம் விரித்து, தட்டி அப்பளம் மாதிரி வளைந்துவிடும். தேக்கில் சிலிக்கா உண்டு, சாதாரண ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு பல் வேண்டும். அந்தத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, முகமூடி கட்டாயம். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து மேலோட்டமான எண்ணெயை எடுத்துவிட்டு, மெதுவாக இறுகும் எபாக்சி போட்டோம். ஒரு துண்டை இரண்டு பேர் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் பூட்டி முடித்தோம். என் கூட வேலை செய்தது அந்த மகள். படகை விற்கச் சொன்னாரே, அவர்தான்.

போன வருஷம் நம் கல்லூரியில் இதைச் சொன்னபோது ஒரு மாணவர், "ஐயா, ஒரே பலகையில் சி.என்.சி. ரூட்டரால் சதுர ஓட்டை போட்டால் ஒரு மணி நேர வேலைதானே?" என்றார். போடலாம். ஆனால் மரத்துக்கு நார் ஒரு திசையில்தான் ஓடுகிறது. நெடுக்கே உள்ள கம்பிகள் நிற்கும். குறுக்கே உள்ளவை நாரைக் குறுக்கே வெட்டிய துண்டுகள், மிதித்தால் முறுக்கு மாதிரி ஒடியும். இரண்டு திசையிலும் நார் நீளவாட்டில் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பூட்டும். காடி வெட்டுவதற்கு அந்த மெஷின் தாராளமாக உதவும், அதை மறுக்கவில்லை.

காக்பிட் எதுவும் செவ்வகம் இல்லை. பின்னால் குறுகும், மூலை வளையும், சுவர் சாயும். பிளைவுட் கீற்றுகளைத் தரையின் ஓரம் ஓரமாக வைத்து ஒன்றோடொன்று ஒட்டி, அப்படியே ஒரு எலும்புக்கூடாகத் தூக்கி வந்து, ஓரச் சட்டத்தை அதன்படி வெட்டினோம். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடுக்கு. தரை வடிகால் பக்கம் சரிவாக இருப்பதால் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு உயரம்.

வார்னிஷ் அடிக்கவில்லை. வார்னிஷ் பளபளப்பாக இருக்கும், ஈரத்தில் வழுக்கும். ஐந்நூறு ஓட்டைக்கு இரண்டாயிரம் மூலை, ஒவ்வொன்றிலும் உரியும். சும்மா விட்டால் தேக்கு சாம்பல் வெள்ளியாக மாறும், அதுதான் அழகு. மென்மையான பிரஷ்ஷால் ரேகைக்குக் குறுக்கே, கடல் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ், பிரஷர் வாட்டர் எல்லாம் மென்பகுதியைத் தோண்டி எடுத்துவிடும், மரம் சீப்பு மாதிரி ஆகிவிடும்.

அம்மையார் அடுத்த மே மாதம் தனியாக வைட் தீவைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தட்டி இரண்டையும் தூக்கி வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார். மகள் இப்போது விற்கச் சொல்வதில்லை; சில சனிக்கிழமைகளில் கூடவே போகிறார்.

அந்த ஜிக்கையும் மிச்சமான நான்கு சட்டங்களையும் கொண்டுவந்து கார்ப்பென்டரி ஷாப்பில் வைத்திருக்கிறேன். கழற்றிப் பூட்டிப் பார்க்கலாம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடுக்கும் பார்க்கலாம். சாப்பாட்டு மணி அடிக்கிற மாதிரி இருக்கிறது, மீதிக் கேள்விகளைப் பந்தியில் கேளுங்கள்.